மீன்கொத்திக்குப் பின்னால் நீலம்

"பறவைய பாக்காதீங்க. அதுக்குப் பின்னாடி பாருங்க" என்றான் செல்வகுமார்.

பறவையைப் பார்க்காமல் இருப்பது லேசில்லை. அவன் மேசைமேல் வைத்த போனில், பருத்திப்பட்டு ஏரியைப் பிளந்துகொண்டு ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி அப்போதுதான் மேலே வந்திருந்தது. அலகில் குறுக்கே ஒரு கெண்டைக் குஞ்சு. சிதறிய தண்ணீர் கீழே விழாமல் மணி மணியாக அந்தரத்தில் நின்றது. ஒரு துளிக்குள் சூரியன்கூடத் தெரிந்தது.

விஜி போனுக்குள் மூக்கை நுழைத்தாள். "கெண்டை நல்லா உயிரோட கீது. கொழம்புக்கு ஆவும்."

"விஜி" என்றார் துலுக்கானம். அவர் பெயரை மட்டும் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம்.

துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்த ஆள். ஃபவுண்டரியை மூடியதும் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடை மாடியில், இரண்டு அறை பிடித்துத் துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டிவிட்டார். முழங்கை வரை இரும்பு தெறித்த தழும்புகள். வருகிறவர்கள் போலீஸில் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் மறுப்பதில்லை. விஜி ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவள். இப்போது அவருக்கு ஸ்கூட்டியும் அவள்தான், வாயும் அவள்தான்.

பறவைக்குப் பின்னால், ஏரிக்கரை நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில், பச்சையாக ஒரு கலங்கல். அதன் நடுவில் மஞ்சளாக ஒரு தீற்று. மஞ்சளை ஒட்டி நீலமாக இன்னொன்று.

"மஞ்சப் புடவை என் பொண்டாட்டி யுவராணி. பக்கத்துல நீலத் துணில ஒரு தாடிக்காரன். அவ தோள்ல கைய போட்டுகினு நிக்கிறான்" என்றான் செல்வகுமார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு தெனம் காலைல ஏரிக்குப் போறா. இதான் சார் அந்த நடை."

"படம் உங்களுக்கு எப்டி வந்துச்சு?"

"ஃபிரண்டு ஒருத்தன் அனுப்பினான். நம்ம ஏரி எவ்ளோ அழகா கீது பாருன்னு. எவனோ விக்ரமாம், முகப்பேர்ல ஐ.டி. காரன். ஓரத்துல பேர் போட்டுருக்கான் பாருங்க. நானே போன் பண்ணி முழுப்படம் கேட்டேன். யாருக்கும் தர மாட்டேன்னு வெச்சிட்டான்."

"வூட்ல கேட்டீங்களா?"

"கேட்டா அழுவா. ஆதாரத்தோட கேக்கணும். திங்கக்கெழம வக்கீல பாக்கறேன். எம் பொண்ணு பானுப்பிரியா ரெண்டாங்கிளாஸ் படிக்குது. அத்த ஒரு நாள்கூட அவகிட்ட வுட மாட்டேன்." போனை எடுத்து அந்தப் படத்தையே மறுபடி பார்த்தான். "அன்னிக்கு அந்த நேரத்துல அவன் எடுத்த எல்லாப் படமும் எனக்கு வேணும். எனக்குக் குடுத்துட்டு அவன் கேமராலேந்து அழிச்சிடணும். ஒண்ணுகூட மிச்சம் வெக்கக் கூடாது. குடும்ப மானம் சார்."

அவன் படியிறங்கின பிறகும் விஜி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்து வெச்சவ" என்றாள்.

"யாரு?"

"அந்த யுவராணிதான். தூள் மாதிரி தெரியிற மஞ்சளப் பாத்து, இது என் பொண்டாட்டின்னு சொல்றான் பாரு. என்கூட சுத்துனானே ஒருத்தன், அவன் நடு ரோட்டுல என்னிய பாத்தாலே யாரோன்னு போவான்."

அவளைக் கழற்றிவிட்டுப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டவனைப் பற்றிச் சொல்கிறாள். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கிற படத்தை அவள் தூங்குமுன் போனில் எடுத்துப் பார்ப்பாள். பார்த்தால் வயிறு எரியும். எரிந்தால்தான் தூக்கம் வரும் என்ற மாதிரி ஆகிவிட்டது.

துலுக்கானம் செல்வகுமார் அனுப்பி வைத்த படத்தைத் தன் போனில் உருட்டிக்கொண்டிருந்தார். படத்தோடு, பறவைப் படம் எடுக்கிறவர்கள் குரூப்பில் வந்த பேச்சும் இருந்தது. 'சூப்பர்', 'செம', கைதட்டுகிற பொம்மைகள். எல்லாவற்றுக்கும் கீழே பவ்யா என்று ஒருத்தி: 'அருமை. இதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த ஃபிரேம் காட்ட முடியுமா?'

"இந்தப் பொண்ணுக்கு இன்னா வோணுமாம்?"

விஜி எட்டிப் பார்த்தாள். பொறாமையை அவளுக்கு வாசனையிலேயே தெரியும். "வயித்தெரிச்சல் நைனா. நீயே எடுத்தியா, இல்ல கம்ப்யூட்டர்ல செஞ்சியான்னு நாசூக்கா கேக்கறா."

"அப்ப கதவு தொறந்தாச்சு. வண்டிய எடு."

முகப்பேர் கிழக்கில் அந்த ஃபிளாட் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த விக்ரம் கோபிச்செட்டிப்பாளையத்துப் பையன், முப்பது வயசிருக்கும், கழுத்தில் கம்பெனி அட்டை. யார் என்று கேட்பதற்கு முன்பே விஜி ஆரம்பித்துவிட்டாள்.

"சார், அந்த மீன்கொத்தி படம் நீங்கதானே? எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிது. ஆனா பவ்யா மேடத்துக்கு என்னமோ சந்தேகமாமே. தண்ணி அந்தரத்துல நிக்கிறது கம்ப்யூட்டர் வேலைன்னு..."

"யாரு, பவ்யாவா? அவ சொன்னாளா?" விக்ரமின் முகம் ஒரு சுற்றுச் சிவந்தது. "உள்ள வாங்க. வந்து உக்காருங்க. இப்பவே காட்டறேன்."

வரவேற்பறையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மேசைமேல் பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ்.

"இத்தால பறவைய படம் எடுப்பீங்களா, சுட்டுத் தள்ளுவீங்களா?" என்றாள் விஜி.

அவன் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டே பேசினான். "அவளும் இதே மீன்கொத்திய எடுத்தாளுங்க. எப்படி எடுத்தா தெரியுங்களா? ஷட்டர் ஆயிரத்துல. ஆயிரத்துல வெச்சா றெக்கை கலங்கும், தண்ணி கோடு கோடா இழுக்கும். நான் வெச்சது நாலாயிரத்துல. ஒரு நொடிய நாலாயிரம் துண்டா வெட்டுனா அதுல ஒரு துண்டு. அவ்ளோ நேரந்தான் ஷட்டர் தொறந்து மூடும். அதனாலதான் ஒவ்வொரு துளியும் முத்து மாதிரி நிக்குது. அவளால தாங்க முடியல."

"அப்ப எல்லாருமே நாலாயிரத்துல வெக்கலாமே" என்றார் துலுக்கானம்.

"வெளிச்சம் வேணுமே சார். தொறந்து மூடற நேரம் கம்மியானா உள்ள வர்ற வெளிச்சமும் கம்மி. அதுக்கு லென்ஸோட வாயை முழுசா தொறந்து வெக்கணும். முழுசா தொறந்தா பறவை மட்டும்தான் தெளிவா விழும். பின்னாடி இருக்கறதெல்லாம் கரைச்சு ஊத்துன பெயின்ட்டு."

படம் பெரிய திரையில் விரிந்தது. மீன்கொத்தியின் கண்ணுக்குள் ஏரிக்கரை தெரிகிற அளவுக்குத் தெளிவு. துலுக்கானம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பறவைக்குப் பின்னால் விரலை வைத்தார்.

"இது இன்னா சார்?"

"எது?"

"இந்த மஞ்சளும் நீலமும்."

விக்ரம் குனிந்து பார்த்தான். இத்தனை நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறான் என்பது தெரிந்தது. "குப்பைத்தொட்டிங்களா? பார்க்குல ரெண்டு கலர்ல வெச்சிருப்பாங்க."

விஜிக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தியின் குடும்பமே கவிழப்போகிற இடம், எடுத்தவன் கண்ணுக்குக் குப்பைத்தொட்டி.

"பெருசு பண்ணுங்க" என்றார் துலுக்கானம்.

பண்ணினான். மஞ்சள் இன்னும் பெரிய மஞ்சளாயிற்று. நீலம் இன்னும் பெரிய நீலமாயிற்று. தலை எது தோள் எது என்று யூகிக்கலாம், அவ்வளவுதான். அவர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார், தள்ளிப்போய் நின்றார். திரும்பி விஜியைப் பார்த்தார்.

"விஜி. இதுல தாடி எங்க கீது?"

"தாடியா?" அவளும் தேடினாள். முகமே இல்லாத இடத்தில் தாடியை எங்கே தேடுவது. "பொண்டாட்டிய புடவை கலர வெச்சி கண்டுபுடிச்சிருப்பான். காலைல அவ கட்டிகினு போனத பாத்திருப்பான் இல்ல."

"பொண்டாட்டி சரி. தாடிக்காரன்னு எத்த வெச்சி சொன்னான்?"

விஜி மறுபடி திரையைப் பார்த்தாள். படத்தில் இல்லாத தாடியை ஒருத்தன் பார்த்திருக்கிறான் என்றால், படத்தில் பார்க்கவில்லை. நேரில் பார்த்திருக்கிறான்.

"அன்னிக்கு அவனும் ஏரிலதான் இருந்துருக்கான்" என்றாள் மெதுவாக.

"விக்ரம் சார், இது முழுப்படமா?"

"இல்லீங்க. பறவை பெருசா தெரியட்டும்னு நாலு பக்கமும் வெட்டிட்டுத்தான் போடுவோம்."

"வெட்டாதது?"

"எல்லாமே இருக்கு. ஒரு தடவ பட்டன அமுக்குனா நொடிக்கு இருபது படம் விழும். மத்தவங்க நல்லது ஒண்ண வெச்சிட்டு மீதியெல்லாம் அன்னிக்கே அழிச்சிருவாங்க. நான் ஒண்ணுகூட அழிக்க மாட்டேன். எங்க குரூப்புல நல்ல படம் போட்டா நாலு பேரு வந்து முன்ன காட்டு, பின்ன காட்டும்பாங்க. எல்லாம் வயித்தெரிச்சல்."

"அந்த வயித்தெரிச்சல் நல்லா இருக்கட்டும்" என்றாள் விஜி. "காட்டுங்க."

அவன் ஒவ்வொன்றாகத் தள்ளினான். தண்ணீர் மட்டும். தண்ணீரில் ஒரு குழி. குழியிலிருந்து ஒரு அலகு. பின்னால் மஞ்சளும் நீலமும் தனித்தனியே இருந்தன, நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். வெட்டாத படத்தில் இடது ஓரத்தில், மரத்தை ஒட்டி, சிவப்பாக ஒரு உருண்டை. மீன்கொத்தி மேலே ஏற ஏற நீலம் மஞ்சளை நோக்கிச் சாய்ந்தது. ஒட்டியது. அந்த ஒட்டிய கணம்தான் குரூப்பில் போன படம்.

"அடுத்தது."

"அடுத்தது வேண்டாங்க, அசிங்கமா இருக்கும். ஃபோகஸ் பறவைய விட்டுட்டுப் பின்னாடி தாவிருச்சு. பறவை கலங்கிப்போச்சு. இதெல்லாம் வேஸ்ட்டு."

"வேஸ்ட்டத்தான் காட்டுங்க."

அவன் தட்டினான்.

மீன்கொத்தி சாம்பல் புகையாகிவிட்டிருந்தது. அதற்குப் பின்னால் ஏரிக்கரை மொத்தமும் கண்ணாடி மாதிரித் தெளிந்து நின்றது. மஞ்சள் புடவைக்கு முகம் வந்திருந்தது. ஒன்றும் புரியாமல் பாதி திரும்பிய முகம். நீலத்துக்கு வேட்டி வந்தது, துண்டு வந்தது, தாடி வந்தது. கழுத்தில் துளசிமணி மாலை. மலைக்குப் போக விரதம் இருக்கிற சாமி. அவர் கை யுவராணியின் தோளில் போட்ட மாதிரி இல்லை. தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் கண் அவளைப் பார்க்கவே இல்லை, இடது பக்கம் மேலே பார்த்தது.

அவர் பார்த்த இடத்தில், எதையும் தொடாமல், அரைச் செங்கல் ஒன்று காற்றில் நின்றது. அதிலிருந்து உதிர்ந்த மண் பொடிகூட அதனுடனேயே நின்றது.

இடது ஓரத்தில் சிவப்பு ஹெல்மெட். முன் கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தான். வலது கை முழுதாக நீண்டு, விரல் ஐந்தும் விரிந்திருந்தது.

செல்வகுமார்.

வெளியே எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"நான் இவங்க யாரையுமே பாக்கலீங்க" என்றான் விக்ரம். "பறவையத்தான் பாத்துட்டிருந்தேன்."

"எனக்கு இப்ப புரியிது" என்றார் துலுக்கானம். "தோள்ல கை போட்டான்னு சொல்றானே, அந்தக் கை இவன் கல்ல எறிஞ்சதாலதான் அங்க வந்துச்சு. எறிஞ்சவனும் அவன்தான், அதுக்கு ஆதாரம் தேடறவனும் அவன்தான். வெட்டுன படம் கைல வந்ததும் வெட்டாததுல தானும் விழுந்திருப்பமான்னு பயந்துட்டான். அழிக்கத்தான் நம்மள அனுப்பிருக்கான்."

"பொண்டாட்டிய கெட்டவளாக்க ஒரு படம், தன்ன காப்பாத்திக்க மீதி படம்" என்றாள் விஜி. காலையில் குடுத்து வெச்சவ என்று சொன்னது அவளுக்கு இப்போது நாக்கில் கசந்தது.

நடந்ததை விக்ரமிடம் மறைக்காமல் சொன்னார்கள். அவர்கள் கேட்காமலே எல்லா ஃபிரேமையும் அவன் ஏற்றிக் கொடுத்தான். அந்தக் கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செங்கல்ல ஒரு துளி கலங்கல் இல்ல பாருங்க. பவ்யா ஷட்டருக்கு இது கோடாத்தான் விழுந்திருக்கும்" என்றான்.

"அத்த குரூப்புல மட்டும் போட்டுத் தொலைக்காதீங்க சார்" என்றாள் விஜி.

யுவராணி ஒரு துணிக் கம்பெனியில் தையல் லைன் பார்ப்பவள். சாயங்காலம் அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி மேம்பாலத்தில் ஏறியபோது விஜி அவளை நிறுத்தினாள். ரயில்களை நிறுத்திவைக்கிற கார் ஷெட்டுக்குள் காலி ரயில் ஒன்று அலறிக்கொண்டு போனது. அது முடியும்வரை காத்திருந்து, போனில் கடைசிப் படத்தை மட்டும் நீட்டினாள்.

யுவராணி முதலில் செங்கல்லைத்தான் பார்த்தாள்.

"மாங்கா அடிக்கிற பசங்கன்னு நெனச்சேன்" என்றாள். "சாமி படகுத்துறைல வேலை செய்யிறவரு. தெனம் சாமி சரணம்னு சொல்லிட்டுப் போவேன், வேற பேச்சே இல்ல. திடீர்னு புடிச்சி இழுத்தாரு. கல்லு அவரு முதுகுல பட்டுச்சு. மால போட்டுகினு பொம்பளைய தொட்டுட்டமேன்னு அவருக்கு ஒரே வேதனை. வலிக்குதான்னு கூட கேக்க விடல, நேரா குளிக்கப் போயிட்டாரு."

"வூட்ல சொல்லலியாக்கா?"

"எப்டி சொல்றது? கல்லு வந்துச்சுன்னு சொன்னா, எப்டி தப்பிச்சேன்னு கேப்பான். ஒருத்தர் இழுத்தாருன்னு சொல்லணும். எங்க தொட்டான், எத்தினி நேரம் தொட்டான்னு ராவெல்லாம் கேப்பான்." சாதாரணமாகத்தான் சொன்னாள். வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி. "கடைக்காரன் கைல காசு குடுத்தாலே கேப்பான். பழகிப்போச்சு."

அப்புறம்தான் அவள் பார்வை இடது ஓரத்துக்குப் போனது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஹெல்மெட்டுக்குள் இருந்த முகத்தில் பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. கண் இரண்டும் சுருங்கி, மூக்கு மேலே ஏறி, வெறும் வெறி.

"இந்த மூஞ்ச நான் பாத்ததே இல்ல" என்றாள். "கதவ வேகமா சாத்துவான், தட்ட தூக்கி அடிப்பான். திரும்பிப் பாத்தா சாதாரணமா நிப்பான். நாந்தான் தப்பா நெனச்சிட்டன்னு இருப்பேன்."

திரையில் அந்த முகம் மாறவில்லை. மாறுவதற்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

"திங்கக்கெழம வக்கீல பாக்கப் போறான்கா. பானுவ உன்கிட்டேந்து வாங்கணும்னு."

யுவராணி நிமிர்ந்தாள். "இந்தப் படத்த பெருசா பிரிண்ட் போட்டுக் குடுப்பாங்களா?"

மறுநாள் செல்வகுமார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான்.

"அழிச்சாச்சா சார்?"

"உங்களுக்கு வோண்டியது கெடச்சிது" என்றார் துலுக்கானம். மேசை டிராயரிலிருந்து பெரிய படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

செல்வகுமார் பார்த்தான். முதலில் முகம் வெளுத்தது. பிறகு, விஜி எதிர்பார்த்த மாதிரி அவன் கண் செங்கல்லுக்குப் போகவில்லை, ஹெல்மெட்டுக்குப் போகவில்லை. யுவராணி தோளில் இருந்த கையிலேயே போய் நின்றது. விரலால் அந்தக் கையைத் தொட்டான்.

"எவ்ளோ அழுத்திப் புடிச்சிருக்கான் பாருங்க" என்றான்.

"உங்க கல்லு வந்துகினு கீது சார்" என்றாள் விஜி. "மெதுவா புடிச்சிருந்தா பொணம்தான் எடுத்திருப்பீங்க."

உள் அறைக் கதவைத் திறந்துகொண்டு அதே மஞ்சள் புடவையில் யுவராணி வந்தாள். செல்வகுமார் எழுந்தான். அவன் முகம் நொடியில் சரியாகிவிட்டது, கவலைப்படுகிற புருஷன் முகம்.

"நீ எங்க இங்க? இது யாரோ செஞ்ச படம். கம்ப்யூட்டர்ல..."

"முன்னாடி பின்னாடி எல்லாம் கீது" என்றார் துலுக்கானம். "எடுத்தவரு சாட்சி சொல்றேன்னு சொல்லிருக்காரு. பவ்யான்னு ஒரு பொண்ணு நம்ப மாட்டேங்குதாம், கோர்ட்டே வந்து சொன்னாதான் அடங்குமாம்."

யுவராணி படத்தை எடுத்துச் சுருட்டிப் பையில் வைத்தாள். "பானு காலைலயே எங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டா. பூந்தமல்லிக்கு. நீ திங்கக்கெழம வக்கீல பாரு. எந்தப் படத்த நீ காட்டப்போறியோ, அதுக்கு அடுத்தது நான் எடுத்துகினு வரேன்."

"யுவராணி, நான் உன் மேல இருக்கற ஆசையிலதான்..."

"தெரியும். முதுகுல பட்டது அவருக்கு."

செல்வகுமார் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். துலுக்கானம் எழுந்தார். எழுந்ததோடு சரி, நடக்கவில்லை. யுவராணி அவரைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"தள்ளு. கீழ ஆளு நிக்கிது. கூட்டிகினு போக வந்துருக்கு."

"யாரு?" என்றான் செல்வகுமார். குரலே மாறிவிட்டது. "எவன் அவன்?"

அவன் வாசலை விட்டான். பாய்ந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தான். வாசல் காலியானது. யுவராணி செருப்பை மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் படியிறங்கினாள்.

கீழே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், டீ குடிக்கிறவர்கள், ஷேர் ஆட்டோவில் தொங்குகிறவர்கள். யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. யுவராணியை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வந்ததே விஜிதான்.

மஞ்சள் புடவை கூட்டத்தில் நுழைந்து, பூந்தமல்லி பஸ்ஸில் ஏறி, பஸ்ஸும் கிளம்பிப் போனது. செல்வகுமார் அதைக் கவனிக்கவில்லை. அவன் கம்பியை விடாமல், கீழே நின்ற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.